எங்களுக்கென்று ஒரு மினிட்ஸ் புத்தகம்

(அலுவலகச் செயலர்கள் சங்கம் கண்ட வரலாறு, நம் ஊரில் ஒரு கிளை தொடங்கி நின்றுபோன கதையும்)



மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அக்கா, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் செக்ரட்டரியா இருந்திருக்கீங்க. அதைப் பத்தி ஒரு கட்டுரை கொடுங்களேன்" என்றார். "அதுல எழுத என்னப்பா இருக்கு? மத்தவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். அவ்வளவுதானே?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு அந்தப் பதிலே என்னை உறுத்தியது. முப்பத்தைந்து வருஷ உழைப்பை இவ்வளவு லேசாக நானே சொல்லலாமா? அன்று மாலை பரணில் ஏறித் தேடினேன். நான் தேடியது கிடைத்தது. ஒரு லாங் சைஸ் நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில், "நடவடிக்கைக் குறிப்பேடு, 1991". மொத்தம் 192 பக்கம். எழுதியிருந்தது 23 பக்கம். மீதி அத்தனையும் வெள்ளை.

மதுரையில் நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, அலுவலகச் செயலர்களுக்காக ஒரு கிளைச் சங்கம் தொடங்கினோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த வெள்ளைப் பக்கங்கள்தான். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், இப்படிப்பட்ட சங்கங்கள் உலகத்தில் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பார்த்தால்தான் நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பது புரியும்.

சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

நான் 1979-82 பி.காம். காலையில் கல்லூரி, மாலையில் வடக்கு மாசி வீதியில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட். படியேறும்போதே ரிப்பன் மை வாசனை வரும். "ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்" என்று சுண்டுவிரலில் ஆரம்பித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். டைப்ரைட்டிங்கில் லோயர் என்றால் நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. ஷார்ட்ஹேண்டில் ஜூனியர் 80, இன்டர் 100, சீனியர் 120. பட்டம் வாங்கியவனுக்கு வேலை கிடைக்காத காலத்திலும் ஹையர் பாஸ் செய்தவனுக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு நாற்காலி இருந்தது. எத்தனை குடும்பங்களுக்கு அந்த நாற்காலிதான் அரிசி போட்டது!

இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் வியாபாரக் கடிதம் டைப் அடிக்கச் சொல்லித் தரும்போது, கடைசியில் இடது ஓரத்தில் ஒன்றை அடிக்கச் சொல்வார். கடிதத்தைச் சொன்ன அதிகாரியின் இனிஷியல் பெரிய எழுத்தில். பிறகு ஒரு சாய்கோடு. அதற்கு அந்தப் பக்கம் டைப் அடித்தவரின் இனிஷியல் சின்ன எழுத்தில். "இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். "தப்பு வந்தா யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியணும்ல!" என்றார் மாஸ்டர். வகுப்பே சிரித்தது.

வேலைக்குப் போன பிறகு அது சிரிப்பாகத் தெரியவில்லை. அதிகாரி இரண்டு வரி சொல்வார், நான் இருபது வரி எழுதுவேன். கணக்கு தப்பாக இருந்தால் திருத்துவேன். கோபத்தில் சொன்னதைத் தணித்து எழுதுவேன். கடிதம் நன்றாக இருந்தால் பெரிய எழுத்துக்குப் பாராட்டு. தப்பிருந்தால் சின்ன எழுத்துக்குத் திட்டு. இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. இந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் எல்லா நாட்டிலும் உணர்ந்தது இதைத்தான். சங்கங்கள் பிறந்ததும் இதிலிருந்துதான்.

ஓலையிலிருந்து ரெமிங்டனுக்கு

இந்தத் தொழில் ஒன்றும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததில்லை. சோழர் காலத்தில் அரசன் வாயால் சொல்லும் உத்தரவைக் கேட்டுக் கொள்பவருக்குத் 'திருவாய்க்கேள்வி' என்று பெயர். அதை ஓலையில் எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. அவர்களுக்கு மேல் சரிபார்க்க 'திருமந்திர ஓலைநாயகம்'. டிக்டேஷன், ஸ்டெனோ, ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மூன்றும் அன்றைக்கே இருந்திருக்கின்றன! அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. கல்வெட்டு, செப்பேடுகளின் கடைசியில் "இவை இன்னார் எழுத்து" என்று எழுதியவர் பெயரோ, சாட்சியிட்டவர் பெயரோ பல இடங்களில் முழுசாக இருக்கும். சாய்கோடும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை.

நவீன அலுவலகம் வந்த கதை வேறு. 1837-இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் ஒலியை அடிப்படையாக வைத்துத் தன் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். நாம் மாடியில் உட்கார்ந்து கோடு கோடாகப் போட்டது அவருடைய முறையைத்தான். 1874-இல் அமெரிக்காவில் துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி, கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய டைப்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தால் தையல் மெஷின் மாதிரியே இருக்கும். காலால் மிதிக்கப் பெடல்கூட வைத்திருந்தார்கள்.

அதற்கு முன் குமாஸ்தா வேலை என்பது ஆண்கள் வேலை. சின்ன வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் தொழில் கற்றுக்கொண்டு நாளைக்கு முதலாளியாகவோ பங்குதாரனாகவோ ஆகலாம் என்ற நம்பிக்கை இருந்தது. மெஷின் வந்தது, அலுவலகங்கள் பெருத்தன, காகிதம் மலையாகக் குவிந்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். 1930-க்குள் அமெரிக்காவில் ஸ்டெனோ, டைப்பிஸ்ட் என்றாலே பெண் என்று ஆகிவிட்டது. வேலை கிடைத்தது உண்மை. ஆனால் மேலே ஏறும் ஏணியை எடுத்துவிட்டார்கள். செக்ரட்டரியாகச் சேர்ந்தவள் செக்ரட்டரியாகவே ரிட்டயர் ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

கான்சாஸில் தொடங்கிய சங்கம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் வருஷம். அமெரிக்காவில் ராணுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஆள் போய்க்கொண்டிருந்தார்கள். அலுவலகங்களில் திறமையான கை போதவில்லை. அந்த நேரத்தில் கான்சாஸ் மாநிலத்தில் 'நேஷனல் செக்ரட்டரீஸ் அசோசியேஷன்' தொடங்கியது. நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கோதுமை விளையும் நடுநாட்டில் பிறந்தது. பிறகுதான் நாடு முழுக்கக் கிளைகளாகப் படர்ந்தது.

அந்தச் சங்கத்தின் உயிர் அதன் ஊர்க் கிளைகளில் இருந்தது. அவற்றை 'சாப்டர்' என்றார்கள். பல சாப்டர்கள் சேர்ந்து மாநில அளவில் ஒரு 'டிவிஷன்'. அதற்கு மேல் 'டிஸ்ட்ரிக்ட்'. ஒரு கிளையில் தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் என்று தேர்ந்தெடுப்பார்கள். செயலர் மட்டும் இரண்டு பேர். கடிதம் எழுத ஒருவர், மினிட்ஸ் எழுத ஒருவர். செக்ரட்டரிகள் சங்கத்திலும் செக்ரட்டரி வேண்டுமே! மாதம் ஒரு கூட்டம், வேலை முடிந்த மாலையில், சாப்பாட்டோடு. பகலெல்லாம் மற்றவர்கள் கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, காபி சொல்லி, மினிட்ஸ் எழுதியவர்கள், ஒரு மாலை மட்டும் தங்களுக்காக நாற்காலி போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்கச் சங்கங்களுக்கு இந்தக் கூட்ட ஒழுங்கில் ஒரு வேதப் புத்தகம் உண்டு. ஹென்றி ராபர்ட் என்ற ராணுவ இன்ஜினியர் 1876-இல் வெளியிட்ட 'ராபர்ட்ஸ் ரூல்ஸ்'. சர்ச் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கச் சொல்லி, அது கூச்சலில் முடிந்துபோன அவமானத்தில் அவர் விதிகளைத் தேட ஆரம்பித்தார் என்பார்கள். அதில் மினிட்ஸ் பற்றி ஒரு விதி உண்டு. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை எழுதாதே, என்ன செய்தார்கள் என்பதை எழுது என்பதே அதன் சாரம். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதைக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

இந்தச் சங்கம் செய்த பெரிய காரியம் 1951-இல் நடந்தது. 'சர்டிஃபைட் புரொஃபஷனல் செக்ரட்டரி' என்ற தேர்வை முதல் முறையாக நடத்தினார்கள். சுருக்கமாக சி.பி.எஸ். இது வேகத்தேர்வு மட்டும் இல்லை. பிற்காலத்தில் இது இரண்டு நாள், ஆறு பகுதி கொண்ட பெரிய தேர்வாக நடந்தது. வணிகச் சட்டம், கணக்கு, பொருளாதாரமும் நிர்வாகமும், மனித உறவுகள், அலுவலக நடைமுறை என்று படிக்க வேண்டும். கிளைகளில் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். ஒரு ஊரில் கணக்கு தெரிந்தவர் மற்றவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். சட்ட ஆபீஸில் வேலை பார்ப்பவர் சட்டம் சொல்லிக்கொடுப்பார்.

இதன் அர்த்தம் என்ன? அதுவரை ஒரு செக்ரட்டரி நல்லவளா கெட்டவளா என்று சொல்லும் உரிமை அவளுடைய அதிகாரி ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் போய்விட்டால் அவளுடைய நல்ல பெயரும் கூடவே போய்விடும். அடுத்த அதிகாரியிடம் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேர்வு வந்த பிறகு, பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து அவளுக்கே சொந்தம். எந்த ஆபீஸுக்குப் போனாலும் கூடவே வரும். அளவுகோலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம்.

ரோஜாப்பூவும் சம்பளமும்

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். 1952 ஜூன் முதல் வாரத்தை 'செக்ரட்டரிகள் வாரம்' என்று கொண்டாட ஆரம்பித்தார்கள். அப்போது சங்கத்தின் தலைவி மேரி பாரெட். கூட நின்றவர்களில் ஒருவர் டிக்டாஃபோன் கம்பெனியின் தலைவர் கிங் உட்பிரிட்ஜ். இன்னொருவர் விளம்பரத் துறையைச் சேர்ந்த ஹாரி கிளெம்ஃபஸ். 1955-லிருந்து அந்த வாரம் ஏப்ரல் கடைசிக்கு மாறியது. நோக்கம் நல்லதுதான். இந்தத் தொழிலுக்கு மதிப்பு வர வேண்டும், புதியவர்கள் வர வேண்டும். ஆனால் நாளடைவில் என்ன ஆயிற்று? வருஷத்தில் ஒருநாள் மேஜையில் ஒரு ரோஜாக் கொத்து, ஒரு வாழ்த்து அட்டை. மறுநாள் பழையபடி. பூக்கடைக்காரருக்கும் அட்டை விற்பவருக்கும் நல்ல வியாபாரம்!

1973-இல் பாஸ்டன் நகரில் கேரன் நஸ்பாம், எலன் கசடி என்ற இரண்டு பேரும் அவர்களுடைய தோழிகளும் '9 டு 5' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த இருவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர்கள். ரோஜா வேண்டாம், சம்பளத்தைக் கூட்டு என்பது இவர்களின் முழக்கம். 1977-இல் சிகாகோவில் ஒரு சட்ட அலுவலகத்தில், அதிகாரிகளுக்குக் காபி போட மறுத்த செக்ரட்டரி ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஊரில் உள்ள மற்ற அலுவலகப் பெண்கள் திரண்டு வந்து நின்றார்கள். 1980-இல் ஜேன் ஃபோண்டா நடித்து ஹாலிவுட் படமே வந்துவிட்டது. படத்தின் பெயரும் '9 டு 5'தான்.

ஒரு பக்கம் படிப்பு, தேர்வு, தரம் என்றது பழைய சங்கம். இன்னொரு பக்கம் சம்பளம், மரியாதை, உரிமை என்றது புதிய அமைப்பு. எது சரி என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். தரம் இல்லாமல் உரிமை கேட்டால் சிரிப்பார்கள். உரிமை கேட்காமல் தரம் மட்டும் வைத்திருந்தால் பூக்கொத்துதான் மிச்சம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதிகாரிகளே தங்கள் கடிதத்தைத் தட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 'இனி செக்ரட்டரியே வேண்டாம்' என்றார்கள். தொழில் சாகவில்லை, உருமாறியது. கூட்டம் ஏற்பாடு, பயணம், கொள்முதல், கோப்பு, மென்பொருள், புதியவர்களுக்குப் பயிற்சி என்று வேலை விரிந்தது. அதற்கு ஏற்றபடி அந்தப் பழைய சங்கமும் 1998-இல் தன் பெயரையே 'நிர்வாகப் பணியாளர்களின் சர்வதேச சங்கம்' என்ற பொருளில் மாற்றிக்கொண்டது.

நம் பக்கத்துக் கதை

நாம் இதில் பின்தங்கியவர்கள் என்று நினைக்க வேண்டாம். கான்சாஸ் சங்கத்துக்கு 5 வருஷம் முந்தியே, 1937-இல் மெட்ராஸில் ஸ்டெனோகிராஃபர்ஸ் கில்டு தொடங்கிவிட்டது. தி.நகரில் அது இருக்கும் தெருவுக்கே கில்டு தெரு என்றுதான் பெயர். ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொடுத்து எத்தனையோ பேரைக் கரையேற்றிய இடம் அது. அதே 1930-களில், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டரின் விசைப்பலகைக்கு வழி செய்தார். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது அரசு அலுவலகங்கள் தமிழில் இயங்க அந்த மெஷின் கை கொடுத்தது. 1955-இல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தது.

ஆசிய அளவில் 1974-இல் மணிலாவில் பல நாட்டுச் செயலர் சங்கங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு கண்டன. இந்தியாவிலும் செயலர்களுக்கான அமைப்பு பெருநகரங்களில் கிளை விட்டது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு விளக்கம். 'கம்பெனி செக்ரட்டரி' என்பது வேறு. அது கம்பெனிச் சட்டம் படித்தவர்களின் தொழில். 1968-இல் அதற்கான நிறுவனம் தொடங்கி, 1980-இல் தனிச் சட்டமே வந்தது. நான் சொல்வது அலுவலகத்தை ஓட வைக்கும் செயலர்களைப் பற்றி. அவர்களுக்குச் சட்டம் எதுவும் வரவில்லை. அவர்களாகச் சேர்ந்தால்தான் உண்டு.

நாங்கள் ஒன்பது பேர்

இப்போது அந்த லாங் சைஸ் நோட்டுக்கு வருகிறேன்.

1991 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நம் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் மாடியைத் திறந்துவிட்டார். மில் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் என்று வெவ்வேறு இடத்தில் வேலை பார்த்த ஒன்பது பேர். ஆறு பெண்கள், மூன்று ஆண்கள். எல்லோரும் நம் கல்லூரி. தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். "நாமதான் ஒம்போது பேர் இருக்கோமே, ரெண்டு பேர் உபரி!" என்று கைதட்டினோம். அகில இந்திய அமைப்பு ஒன்றுக்குக் கடிதம் போட்டோம். முதலில் ஒழுங்காகக் கூட்டம் நடத்துங்கள், பிறகு கிளையாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று நல்ல பதிலும் வந்தது. மினிட்ஸ் எழுதும் பொறுப்பு எனக்கு.

முதல் ஆறு பக்கத்தைப் புரட்டினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆறு பக்கமும் தொடக்க விழாவைப் பற்றியே! யாரைச் சீஃப் கெஸ்டாக அழைப்பது, மாலை எத்தனை, பேனரில் யார் பெயர் முதலில். ஒரு பெரிய நிறுவனத்தின் நிர்வாக அதிகாரியைக் கௌரவத் தலைவராகக் கேட்டுக்கொண்டோம். நல்ல மனிதர்தான். அவருடைய நிறுவனத்து ஹாலையே தந்தார். பிறகு நடந்த கூட்டங்களில் என்ன செய்தோம்? அதிகாரிகள் வந்து, நல்ல செக்ரட்டரி எப்படி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். நாங்கள் குறிப்பெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமையும் டிக்டேஷன்!

இரண்டாம் வருஷம் ஒன்று நடந்தது. எங்களில் ஒருத்தி, என் வகுப்புத் தோழி, ஒரு கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "எங்க ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்கடி. யூனியன் ஆரம்பிக்கிறீங்களாமே, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டாங்க. நம்ம சங்கத்துலேருந்து ஒரு லெட்டர் கொடுத்தா நல்லாருக்கும். இது படிக்கிற சங்கம், சண்டை போடற சங்கம் இல்லைன்னு எழுதினாலே போதும்" என்றாள்.

நான் அதை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். யாரும் பேசவில்லை. கௌரவத் தலைவர் என்ன நினைப்பாரோ என்று ஒருவர். நம் ஆபீஸிலும் கேட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர். கடைசியில் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டோம். கடிதம் போகவில்லை. இரண்டு மாதத்தில் அவளைத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள். 120 வேகத்தில் பாஸ் செய்தவள் கவருக்குக் கோந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

நோட்டில் 17-ஆம் பக்கம் பார்க்கிறேன். அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியிருப்பது ஒரே சொல்: "வரவில்லை." ஏன் வரவில்லை என்பது இல்லை. அவள் கடிதம் கேட்டதும் இல்லை, நாங்கள் கொடுக்காததும் இல்லை. பேசியதை எழுதாதே, செய்ததை எழுது என்றார் ராபர்ட். நாங்கள் எதுவும் செய்யவில்லை. அதனால் எழுதவும் எதுவும் இல்லை. பழக்க தோஷம், அதிகாரிக்குச் சங்கடமான விஷயத்தை மினிட்ஸில் விட்டுவிடும் பழக்கம், எங்கள் சொந்த நோட்டிலும் வந்துவிட்டது.

1993 தொடக்கத்தில் கௌரவத் தலைவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஹால் போயிற்று. மார்ச் மாதக் கூட்டத்துக்கு வந்தது மூன்றே பேர். 23-ஆம் பக்கத்தின் கடைசி வரி இது: "கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது."

ஒத்திவைத்த கூட்டம்

கான்சாஸில் தொடங்கியது நிலைத்தது, மதுரையில் தொடங்கியது ஏன் நின்றது? அவர்களுக்குப் பணம் இருந்தது, எங்களுக்கு இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. அவர்கள் அளவுகோலைத் தாங்களே செய்துகொண்டார்கள். நாங்கள் அதைக் கொண்டுபோய் அதிகாரி கையில் கொடுத்தோம். அவர்கள் சேர்ந்து படித்தார்கள், நாங்கள் சேர்ந்து கைதட்டினோம். சிகாகோவில் ஒருத்திக்கு ஒன்று என்றதும் மற்றவர்கள் வந்து நின்றார்கள். நாங்கள் "பார்த்துக்கலாம்" என்றோம்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தங்கைகளும் தம்பிகளும் அலுவலக நிர்வாக வேலைக்குத்தான் நிறையப் பேர் போகப் போகிறார்கள். பெயர் வேறாக இருக்கும். எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட், அட்மின், ஆபீஸ் மேனேஜர். கூட்டத்தில் பேசியதை எல்லாம் தானே கேட்டு எழுதிவிடும் மென்பொருள் வந்துவிட்டது என்று என் பேத்தி சொல்கிறாள். வரட்டும். அது எல்லாவற்றையும் எழுதும். எதை எழுதியே ஆக வேண்டும் என்பது மனிதருக்குத்தான் தெரியும். நான் 17-ஆம் பக்கத்தில் கற்றுக்கொண்டது அதுதான்.

ஒரு கிளை தொடங்க அதிகம் வேண்டாம். ஏழு பேர் வேண்டும். நோக்கமும் விதிகளும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வருஷம் ஒரு பொதுக்குழு, ஒழுங்கான கணக்கு. மாதத்தில் ஒரு நாள், மாறாத நாள். சீஃப் கெஸ்ட் வேண்டாம், பேனர் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசிக் கால் மணி நேரம், யாருக்காவது அலுவலகத்தில் தொல்லையா என்று கேட்க வேண்டும். இருந்தால் அதை நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் செய்தாக வேண்டியிருக்கும்.

கூட்ட விதி தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் சங்கத்தை நாங்கள் கலைக்கவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒத்திவைத்த கூட்டத்தை மறுபடி கூட்டலாம்.

சந்திப்பின் இரண்டாம் நாள் காலை 10 மணிக்கு, பழைய காமர்ஸ் பிளாக்கின் முதல் வகுப்பறையில் நான் அந்த நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒன்பது பேரில் இருவர் இப்போது இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லியாயிற்று. இளையவர்கள் வர வேண்டும். கோரத்துக்கு ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தோழி இந்த மலரை வாங்கிப் படிப்பாள் என்று தெரியும். அவளுக்கு ஒரு வார்த்தை. 24-ஆம் பக்கத்தில் முதல் பொருளை எழுதி வைத்துவிட்டேன். 1992-இல் ஓர் உறுப்பினர் சங்கத்திடம் ஒரு கடிதம் கேட்டார், சங்கம் கொடுக்கவில்லை, அது சங்கத்தின் தவறு என்று. கீழே சின்ன எழுத்து இனிஷியல் போடவில்லை. என் பெயரை முழுசாக எழுதியிருக்கிறேன். முன்மொழிந்தது நான். வழிமொழிய ஆள் வேண்டும். வந்துவிடு.